ரைஃபிள் தோட்டாவைக் கையால் கெட்டிக்கும்போது இருபதும் ஒரே மாதிரி வர

100 கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிட்டன. அந்தச் சந்தோஷத்தில் அதே பெட்டியை எடுத்துக்கொண்டு முதல்முறையாக 1000 கஜம் சுடப் போனேன். அன்றைக்குக் காற்று அதிகம் இல்லை, இடது வலது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் மேலும் கீழுமாக, பலகையில் யாரோ ஏணி சாய்த்து வைத்தமாதிரி, கிட்டத்தட்ட இருபது அங்குல உயரத்துக்குத் துளைகள். எஃப்-கிளாஸ் (தூரக் குறி சுடும் போட்டி வகை) பலகையில் 1000 கஜத்துக்கான பத்து மதிப்பெண் வளையம் மொத்தமே 10 அங்குல விட்டம்தான். பக்கத்தில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் என் பெட்டியிலிருந்து நாலு தோட்டாவை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். நாலிலும் நாலு கம்பெனி முத்திரை. அவர் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மூடிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். .308 வின்செஸ்டர் தோட்டாவில் 175 கிரெயின் (கிரெயின் என்பது சின்ன எடை அளவு) குண்டு விநாடிக்கு 2600 அடி வேகத்தில் கிளம்புகிறது என்றால், அந்த வேகத்தில் 10 அடி கூடினாலோ குறைந்தாலோ 1000 கஜத்தில் சுமார் மூன்று முதல் நான்கு அங்குலம் மேலே கீழே போகும். 60 அடி வித்தியாசம் இருந்தால் இருபது அங்குலம். அதே 60 அடி 100 கஜத்தில் என்ன செய்யும்? ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நாணயத்துக்குள் அது ஒளிந்துகொள்ளும். கிட்டத்தில் சுட்ட துளைக் கூட்டத்தைப் பார்த்து நம் தோட்டா ஒரே மாதிரி இருக்கிறது என்று நம்புவது இப்படித்தான் ஏமாற்றும்.

கெட்டிப்பது என்றால் சுட்ட பித்தளைக் கூட்டில் புதுப் பிரைமர் (பற்றவைக்கும் சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவது. இந்த வழிகாட்டி ஏற்கெனவே கெட்டிக்கத் தெரிந்தவர்களுக்கு, அல்லது தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு. நான் எழுதுவது அமெரிக்காவில் நடக்கும் வழக்கம். அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கெட்டிக்க மத்திய அரசு உரிமம் தேவையில்லை, விற்றால்தான் தேவை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த மருந்து எத்தனை கிரெயின் என்று இங்கே ஓர் எண்கூடச் சொல்லப் போவதில்லை. அது மருந்து கம்பெனியும் குண்டு கம்பெனியும் போடும் கையேட்டில் இருக்கிறது, அங்கே சொல்லியிருக்கும் ஆரம்ப அளவில் ஆரம்பித்து மேலே வர வேண்டும். பெயரைப் படிக்கும்போது கண்ணை நன்றாகத் திறந்துகொள்ளுங்கள்: எச்-4350 வேறு, ஐ.எம்.ஆர்-4350 வேறு. எண் ஒன்றுதான், மருந்து ஒன்றல்ல. மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் ஊற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். கண்ணாடி போடுங்கள். முடிந்ததும் சோறு தொடும் முன் கை கழுவுங்கள், ஈயம்.

முதலில் எது எவ்வளவு கெடுக்கிறது என்று பாருங்கள்

எல்லோரும் தராசில் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான், அந்த ஏணிக்குப் பிறகு முதலில் கை போனது விலை உயர்ந்த தராசு பக்கம்தான். ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

சாதாரண எலக்ட்ரானிக் தராசு கூடக் குறைய 0.1 கிரெயின் தப்பலாம். .308-ல் 0.1 கிரெயின் மருந்துக்கு வேகம் ஏறத்தாழ 5 அடி மாறும். அந்த எல்லைக்குள் எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்று வைத்தால், தராசால் மட்டும் வரும் எஸ்.டி. (திட்டவிலக்கம், வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் எண்) சுமார் 3 அடி. இப்போது பித்தளைக் கூடு, கழுத்துப் பிடி, பிரைமர் என்று மற்றதெல்லாம் சேர்ந்து 10 அடி கெடுக்கிறது என்றால் மொத்தம் 13 ஆகாது. இந்த மாதிரிப் பிழைகள் வர்க்கமாகத்தான் கூடும்: நூறும் ஒன்பதும் நூற்றொன்பது, அதன் வர்க்கமூலம் 10.4. நூற்றுக்கணக்கில் டாலர் கொட்டித் தராசுப் பிழையை முழுசாக ஒழித்தாலும் 10.4 என்பது 10 ஆகும், அவ்வளவுதான். பெரிய ஓட்டையை அடைக்காமல் சின்ன ஓட்டையை அடைத்தால் குடத்தில் தண்ணீர் நிற்காது. மற்றதைச் சரிசெய்து 5 அடிக்குக் கொண்டுவந்த பிறகு அதே தராசு மாற்றம் 5.8-ஐ 5 ஆக்கும், அப்போது வாங்குங்கள்.

ஆகவே வரிசை இது: கூடு, கழுத்து, அப்புறம்தான் மருந்து, கடைசியாகக் குண்டை உட்கார வைப்பது.

கூடு

ஒரே கம்பெனி, ஒரே லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி), ஒரே எண்ணிக்கை தடவை சுட்டது. இந்த மூன்றில் ஒன்றுகூட விட்டுக்கொடுக்காதீர்கள். மைதானத்தில் பொறுக்கிய கூட்டை வைத்து 100 கஜத்தில் பழகலாம், தூரத்துக்கு வேண்டாம். காரணம் எளிது: வெளி அளவு ஒன்றாக இருந்தாலும் சுவர் தடிமன் மாறினால் உள்ளே இடம் மாறும், இடம் மாறினால் அதே மருந்துக்கு அழுத்தம் மாறும். ராணுவ 7.62 கூடுகள் பெரும்பாலும் தடிமனாக, உள்ளே இடம் குறைவாக இருக்கும். வணிகக் கூட்டுக்குப் பார்த்துவைத்த உச்ச அளவை அதில் கொட்டினால் வேகம் மாறுவதோடு போகாது, அழுத்தம் ஆபத்தான இடத்துக்குப் போகும்.

நூறு கூடு வாங்கி, பெட்டியில் எண் போட்டு, நூறையும் ஒரு சுற்று முழுக்கச் சுட்டு முடித்த பிறகே இரண்டாவது சுற்றுக்குப் போங்கள். இருபதை மட்டும் ஐந்து தடவை சுட்டுவிட்டு மீதி எண்பது புதிதாகக் கிடந்தால் உங்களிடம் இருப்பது இரண்டு வகைக் கூடு.

எடை போட்டுப் பிரிக்கலாமா? நான் ஒரு குளிர்காலம் முழுக்கப் பிரித்தேன். எடை என்பது உள் கொள்ளளவுக்கு நேர் சாட்சி இல்லை, அடிப்பக்க விளிம்பில் உலோகம் கொஞ்சம் கூடினாலும் எடை கூடும், உள்ளே இடம் மாறாது. கூட்டத்திலிருந்து ரொம்ப விலகி நிற்கும் ரெண்டு மூன்றை மட்டும் எடுத்துப் பழகுவதற்கு வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

தோளைத் தள்ளுவது

சுட்ட கூடு உங்கள் சேம்பரின் (குழலில் தோட்டா உட்காரும் அறையின்) அச்சு. அதை முழுதாக நசுக்கித் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோகத் தேவையில்லை, போல்ட் (சேம்பரை மூடும் பகுதி) சுகமாக மூடும் அளவுக்குத் தோளை, அதாவது கழுத்துக்குக் கீழே கூடு சரியும் பகுதியை, கொஞ்சம் பின்னால் தள்ளினால் போதும். எவ்வளவு? ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை லேத் பட்டறைகளில் தவ் என்பார்கள், அந்தக் கணக்கில் ஒன்று அல்லது இரண்டு தவ்.

செய்யும் முறை: இரண்டு மூன்று தடவை சுட்ட கூட்டை எடுங்கள், ஏனென்றால் முதல் தடவையிலேயே கூடு சேம்பரை முழுதாக நிரப்பிவிடாது. செலவான பிரைமரை முதலில் வெளியே தள்ளுங்கள், அதன் மேடு காலிப்பரைத் தூக்கிக் காட்டும். காலிப்பரில் தோளைப் பிடிக்கும் கம்பாரேட்டரை மாட்டி அளந்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டையை (கூட்டை அளவுக்கு நெரிக்கும் அச்சை) ப்ரெஸ்ஸில் (கைப்பிடி அழுத்து எந்திரத்தில்) கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் மசகு தடவிய கூட்டைப் போட்டு அளந்து, இரண்டு தவ் குறையும் இடத்தில் பூட்டுங்கள். கைப்பிடியை முழுக்க அழுத்திய நிலையில் இரண்டு மூன்று விநாடி பிடித்திருங்கள். பித்தளைக்குத் திரும்பிப் போகும் குணம் உண்டு, பிடித்திருந்தால் அளவு கூட்டுக்குக் கூடு அவ்வளவாக மாறாது. நம்பவில்லை என்றால் பத்தை அவசரமாகவும் பத்தை நிதானமாகவும் செய்து அளந்து பாருங்கள்.

அதிகமாகத் தள்ளினால் ஒவ்வொரு சுடுதலிலும் கூடு நீண்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே சுவர் மெலியும், ஒருநாள் அங்கேயே வெட்டிக்கொள்ளும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மட்டும் வளைத்து, கூட்டுக்குள் விட்டுச் சுவரோடு மேலே இழுத்துப் பாருங்கள். அடியில் பள்ளத்தில் விழுகிறமாதிரி ஒரு தடுக்கல் தெரிந்தால் அந்தக் கூடு குப்பைக்கு. அதோடு அந்த லாட் முழுவதையும் சந்தேகப்படுங்கள்.

மசகைப் பற்றி ஒரு வார்த்தை. போடாவிட்டால் கூடு டையில் சிக்கிக்கொள்ளும், அதை எடுப்பது ஒரு மாலை நேர வேலை. அதிகம் போட்டால் தோளில் குழி விழும்.

கழுத்து

இங்கேதான் எனக்குப் பெரிய மாற்றம் கிடைத்தது. குண்டைக் கழுத்து எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பது தோட்டாவுக்குத் தோட்டா மாறினால், மருந்து பற்றும் முதல் கணத்தில் அழுத்தம் ஏறும் விதமும் மாறும்.

பிடி மாறுவதற்கு இரண்டு காரணம். ஒன்று அளவு, மற்றொன்று பித்தளையின் கடினம். அளவுக்கு, புஷிங் டை (கழுத்தை நெரிக்கும் வளையத்தை, அதாவது புஷிங்கை, மாற்றக்கூடிய டை) இருந்தால் குண்டு உட்கார்ந்த தோட்டாவின் கழுத்து வெளிவிட்டத்தை அளந்து அதைவிட இரண்டு மூன்று தவ் குறைந்த புஷிங் போடுங்கள். சாதாரண டையில் கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் உருண்டை எக்ஸ்பாண்டர் திரும்பி வரும்போது கழுத்தைக் கோணலாக இழுத்துவிடலாம். அதைக் கழற்றிவிட்டு மேண்ட்ரல் (அதே வேலைக்கான நேர் கம்பி) ஒன்றை மேலிருந்து தனியாக இறக்குவது எனக்குப் பிடித்திருக்கிறது, தடிமன் வித்தியாசம் இருந்தாலும் அதை வெளிப்பக்கம் தள்ளி உள்விட்டத்தை ஒரே அளவாக்குகிறது.

கடினத்துக்கு அனீலிங். ஒவ்வொரு தடவை விரிந்து சுருங்கும்போதும் பித்தளை கடினமாகிக்கொண்டே போகும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் விறைத்துப்போய் ஒடியுமே, அதேதான். கழுத்தையும் தோளையும் மட்டும் சில விநாடி சூடாக்கினால் மறுபடி இளகும். என் முறை பழசு: ஸ்க்ரூ கன்னில் ஆழமான சாக்கெட் மாட்டி, அதில் கூட்டை நிறுத்திச் சுழலவிட்டு, புரொப்பேன் சுடர் கழுத்தைத் தொடும்படி பிடிப்பது. அறையை இருட்டாக்கினால் பித்தளை மங்கலாகக் கனலத் தொடங்கும் கணம் தெரியும், அப்போது தட்டில் கொட்டிவிட வேண்டும். பளிச்சென்று ஆரஞ்சு நிறம் வந்தால் கைமீறிவிட்டது. முதல் ஐந்தாறு கூட்டைப் பலி கொடுத்து விநாடிக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதே எண்ணிக்கையில் மீதியைச் செய்யலாம். நியூசிலாந்தின் ஏ.எம்.பி. கம்பெனி மின்தூண்டல் எந்திரம் விற்கிறது, கை எட்டும் விலை இல்லை, ஆனால் ஆளின் கண்ணைச் சார்ந்திருக்காது. எந்த முறையானாலும் கூட்டின் அடிப்பக்கம் சூடாகவே கூடாது. மொத்த அழுத்தத்தையும் தாங்குவது அதுதான், இளகிய அடிப்பக்கம் உங்கள் முகத்துக்கு முன்னால் வெடித்துத் திறக்கும்.

மூன்றாவதாக ஒன்று, யாரும் எனக்குச் சொல்லாதது: ரொம்பச் சுத்தமும் கெடுதல். எஃகு ஊசி போட்டுத் தண்ணீரில் உருட்டிக் கழுவினால் கூடு நகைக்கடை மாதிரி மின்னும், கழுத்தின் உள்பக்கமும் கரி ஒரு துளி இல்லாமல் காய்ந்திருக்கும். அந்தக் காய்ந்த பித்தளையில் குண்டு பிடித்துப் பிடித்து இறங்கும். கையிலேயே தெரியும், ஒன்று வெண்ணெய் மாதிரி இறங்கும், அடுத்தது கரகரக்கும். இப்போது நான் சோளத்தக்கைத் தூளில் உருட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன், உள்ளே படிந்த கரியை நைலான் பிரஷால் இரண்டு இழுப்பு, அவ்வளவே. தண்ணீரில்தான் கழுவுவேன் என்பவர்கள் குண்டை இறக்கும் முன் கழுத்துக்குள் கொஞ்சம் கிராஃபைட் தூள் தொட்டுவையுங்கள்.

நீளம்: .308-க்கு உச்சம் 2.015 அங்குலம், வெட்ட வேண்டிய அளவு 2.005. எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டி, உள்ளும் வெளியும் பிசிறு எடுங்கள். உச்சத்தைத் தாண்டவிட்டால் சேம்பர் முனை கழுத்தைக் குண்டோடு சேர்த்து நெரிக்கும், அழுத்தம் எகிறும்.

பிரைமர்

குழியைச் சுத்தம் செய்து, கைக்கருவியால் அடிமட்டம் தொடும்வரை அழுத்துங்கள். கூட்டின் அடிப்பரப்புக்கு மூன்று முதல் ஐந்து தவ் கீழே உட்கார்ந்திருந்தால் சரி. விரலை மேலே ஓட்டிப் பார்த்தால் ஒரு சின்னப் பள்ளம் தெரிய வேண்டும், மேடு தெரிந்தால் அந்தத் தோட்டா செமி ஆட்டோமேட்டிக்கில் போல்ட் மூடும்போதே வெடிக்கக்கூடும். பிராண்டை மாற்றினால் மருந்தைக் குறைத்து மறுபடி ஆரம்பத்திலிருந்து வர வேண்டும், வேறு வழி இல்லை.

மருந்து

வார்கெட், எச்-4350 இரண்டும் ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகிறவை, வெயிலுக்கும் குளிருக்கும் வேகம் அதிகம் மாறாதவை என்பதால்தான் தூரம் சுடுகிறவர்கள் அவற்றின் பின்னால் அலைகிறார்கள். இரண்டும் குச்சி மணி வகை. வார்கெட்டின் ஒரு மணி சுமார் 0.02 கிரெயின். நான் அளவுக்குக் கொஞ்சம் குறைவாக எறிந்துவிட்டு, மீதியை ட்ரிக்லரைத் திருகி ஒவ்வொரு மணியாக விழவைப்பேன். தட்டில் மணி விழும் சத்தம் கேட்கும், எண் நகராது. இன்னொன்று. நகராது. மூன்றாவதுக்கு 0.1 குதிக்கும். நகராத அந்த இரண்டு மணிகளைத் தராசு ஏற்கவில்லையா, பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. அதனால் தட்டை ஒரு தடவை தூக்கி மறுபடி வைத்து எண்ணைப் பாருங்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதைத் தராசு சில நேரம் கவனிக்காமல் விட்டுவிடும்.

தராசின் உண்மையான எதிரி அறை. ஒரு சனிக்கிழமை ராத்திரி அறுபது தோட்டா கெட்டித்து முடித்து, கடைசியில் சும்மா சோதனைக்கல்லை வைத்தேன், 0.3 கிரெயின் தள்ளி நின்றது. ஏ.சி. காற்று நேராகத் தட்டின் மேல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. எப்போதிலிருந்து தவறியது என்று தெரியாததால் அறுபதையும் சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லரில் போட்டுக் கான்கிரீட்டில் தட்டித் தட்டிப் பிரித்தேன், மனைவி மாடியிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். இப்போது தராசை அரை மணி நேரம் முன்பே ஓடவிடுகிறேன், ஏ.சி.யை நிறுத்துகிறேன், செல்போன் அடுத்த அறையில், ஒவ்வொரு பத்துக்கும் ஒரு தடவை சோதனைக்கல்.

ஐம்பது கூட்டிலும் மருந்து கொட்டியதும், குண்டு வைக்கும் முன், டார்ச் அடித்து எல்லா வாயையும் வரிசையாகப் பாருங்கள். ஒன்றில் மட்டம் ஏறியோ இறங்கியோ இருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும். டப்பாவைத் திறந்துபோட்டும் வைக்காதீர்கள், ஈரம் குறைந்தால் மருந்து வேகமாக எரியும்.

குண்டை உட்கார வைப்பது

மொத்த நீளத்தை அளக்காதீர்கள், அதாவது அதை வைத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று முடிவுசெய்யாதீர்கள். மேட்ச் குண்டுகளின் கூர்முனை ஒழுங்காக இருக்காது, பத்துத் தவ் வரைகூட மாறும். குழலின் வரித்தொடக்கத்தை (உள்ளே சுருள்வரி ஆரம்பிக்கும் இடத்தை) முதலில் தொடப்போவது முனை இல்லை, தோள்பட்டை மாதிரி வளையும் அந்த ஓஜைவ். ஆகவே அடியிலிருந்து ஓஜைவ் வரைக்கும் கம்பாரேட்டரில் அளங்கள். மொத்த நீளம் மேகசீனில் நுழைகிறதா என்று பார்க்க மட்டும் போதும், அமெரிக்கத் தரத்தில் .308-க்கு வரையறுத்த உச்சம் 2.810 அங்குலம்.

வரித்தொடக்கத்திலிருந்து 20 தவ் தள்ளி ஆரம்பித்து, குண்டைக் கூட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாம். மருந்தை உச்சத்துக்கு வைத்துக்கொண்டு குண்டை வெளியே நகர்த்தி வரியில் முட்டவிடாதீர்கள், அழுத்தம் துள்ளும். உட்காரவைக்கும்போது கையால் உணரும் அழுத்தத்தைக் கவனியுங்கள். மற்றதைவிட இறுகியோ தளர்ந்தோ இறங்கியதைத் தனிப் பெட்டியில் போடுங்கள், அவை முதல் சூடேற்றும் குண்டுகள். எனக்கு இந்த ஒரு பழக்கம் கொடுத்த பலனை எந்தக் கருவியும் கொடுக்கவில்லை.

அளந்து பார்ப்பது

ரேடார் வகை குரோனோகிராஃப் வந்தபிறகு வேகம் அளப்பது சுலபம். ஆனால் ஐந்து சுட்டுவிட்டு "எஸ்.டி. 4 வந்தது" என்று படம் போடுகிறவர்களை நம்பாதீர்கள், உங்களையும்தான். ஐந்து சுட்டதில் எஸ்.டி. 4 என்றால் உண்மையான எண் 2.4-க்கும் 11.5-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று மட்டும்தான் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும். இருபது சுட்டு 8 வந்தால் அது 6-க்கும் 12-க்கும் இடையில். இருபதில் வந்த 8 பார்க்க மோசமாக இருந்தாலும் எனக்கு அதுதான் வேண்டும். அதேபோல மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் உள்ள இடைவெளி, நிறையச் சுடச்சுடக் கூடிக்கொண்டே போகும்: ஐந்தில் எஸ்.டி.யைப்போல் சராசரியாக 2.3 மடங்கு, இருபதில் 3.7 மடங்கு. தோட்டா கெட்டுப்போகவில்லை, எண்ணிக்கை கூடியிருக்கிறது.

அரை அரைக் கிரெயினாக மருந்தை ஏற்றி, ஒவ்வொன்றிலும் மூன்று சுட்டு, வேகம் ஏறாமல் தட்டையாக நிற்கும் இடத்தை "நோட்" என்று கொண்டாடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதே சோதனையை அடுத்த வாரம் திரும்பச் செய்யுங்கள். என் தட்டை இடம் மூன்று வாரத்தில் மூன்று இடத்துக்கு நகர்ந்தது. இப்போது கையேட்டு எல்லைக்குள் அழுத்த அறிகுறி எதுவும் இல்லாத ஓர் அளவை எடுத்துக்கொண்டு அதில் இருபது சுடுகிறேன், அவ்வளவுதான். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். புஷிங்கையும் பிரைமரையும் ஒன்றாக மாற்றிவிட்டு எதனால் என்று யோசித்த மாலைகள் எனக்கு நிறைய.

பெட்டி ஒவ்வொன்றிலும் தேதி, கூட்டின் லாட், எத்தனையாவது சுடுதல், மருந்து லாட் எண், பிரைமர், ஓஜைவ் அளவு எழுதி ஒட்டுங்கள். மருந்து டப்பா தீர்ந்து அடுத்தது திறக்கும்போது லாட் எண் வேறாக இருந்தால், பழைய மிச்சத்தை அதோடு கலக்காமல், அளவைக் கொஞ்சம் இறக்கி மறுபடி ஏறி வாருங்கள். பெயர் அதேதான் இருக்கும், வேகம் சொல்லாமல் மாறியிருக்கும். அதனால் பழைய டப்பாவில் கடைசி அறுபது எழுபது தோட்டாவுக்கு மருந்து இருக்கும்போதே புதியதைத் திறந்து, இரண்டிலும் இருபது இருபது கெட்டித்து, ஒரே காலையில் மாற்றி மாற்றிச் சுட்டு வேகத்தை அளந்துவிடுங்கள்.